சோத்தாங்கைப் பக்கம்

நவம்பர் 4, திங்கள்
தூக்கம்: ஆறு மணி நேரம்

அருள்மேரி அனுப்பிய நோட்டு தபாலில் வந்துவிட்டது. மேல் வரியில் தூங்கிய நேரத்தை எழுத ஒரு கட்டம், அதன் கீழே பக்கம் முழுக்கக் காலி. "மனசுல என்ன தோணுதோ எழுது கோகி, ஒளிக்காதே, உன் பேர் எங்கயும் வராது" என்று போனில் சொன்னாள். என்னோடு மருத்துவம் படித்தவள். கத்தியைப் பிடிக்கப் பயந்துகொண்டு ஆராய்ச்சிப் பக்கம் ஒதுங்கியவள். ராத்திரி கண்விழிக்கும் அறுவை மருத்துவர்களுக்கு மறுநாள் கையும் புத்தியும் எப்படி வேலை செய்கின்றன என்று இப்போது ஆராய்கிறாளாம். நாற்பது பேருக்கு நாற்பது நோட்டு.

போனில் ஒரு விளையாட்டும் ஏற்றிவிட்டிருக்கிறாள். கறுப்புத் திரையில் எப்போதாவது ஒரு சிவப்புப் புள்ளி வரும், வந்தவுடன் தட்ட வேண்டும். தட்ட எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு எண் வரும். எண் குறைவாக வந்தால் சுறுசுறுப்பு, கூடினால் மந்தம். எனக்கு இன்றைக்கு 281. நாற்பத்து மூன்று வயசுக்காரிக்கு இது போதாதா மேரி?

முறைப்படி என்னைப் பற்றியும் எழுத வேண்டுமாம். கோகிலவாணி. தறிச் சத்தம் ஓயாத ஒரு ஊரின் அரசு மருத்துவமனையில் அறுவை மருத்துவர், பதினாறு வருட சர்வீஸ். இங்கே அறுவைப் பிரிவுக்கு நாங்கள் இரண்டு பேர். இன்னொருவரான இளவரசு, அப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்று இன்றிலிருந்து ஒரு மாதம் லீவில் போய்விட்டார். ஆகப் பகலும் என்னுடையது, ராத்திரியும் என்னுடையது. "மாற்று ஆள் கேட்டு எழுதட்டுமா டாக்டர்?" என்று கண்காணிப்பாளர் கேட்டார். "எதுக்கு சார், நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டேன். வருகிறவருக்கு ஆபரேஷன் தியேட்டரில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுப்பதற்குள் இளவரசே திரும்பி வந்துவிடுவார்.

நவம்பர் 6, புதன்
தூக்கம்: ஐந்து

ஒரு குடல்வால், ஒரு கால் சீழ். தீபாவளிப் பலகாரம் இன்னும் தீரவில்லை. என் வீட்டுக்காரர் தனசேகரன் மிச்ச அதிரசத்தைத் தியேட்டருக்கே கட்டிக் கொடுத்துவிட்டார்.

நவம்பர் 8, வெள்ளி
தூக்கம்: நாலு (மூன்று என்று எழுதினால் மேரி போன் போட்டு உயிரை எடுப்பாள்)

காலையில் ஒரு கூத்து. ராத்திரி டியூட்டி முடிந்து ஆட்டோவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வாசலில் ஸ்கூட்டரைக் காணவில்லை. களவு போய்விட்டது என்று கத்தி, தனசேகரனைப் போலீஸ் ஸ்டேஷன் வரை கிளப்பிவிட்டேன். அவர் போய்ப் புகார் எழுதிக்கொண்டிருக்கும்போது மருத்துவமனை வாட்ச்மேன் கூப்பிட்டு, "மேடம், உங்க வண்டி சாவியோட இங்கயே நிக்குது" என்றார்.

தனசேகரன் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர். அதிர்ந்து பேசத் தெரியாது. "கோகி, மொதல்ல நீ போய்ப் படு" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஒன்றுமில்லை. நாற்பதைத் தாண்டினால் மறதி வரத்தான் செய்யும். அவர் போன வருடம் மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடவில்லையா?

நவம்பர் 11, திங்கள்
தூக்கம்: நாலு

விளையாட்டில் 344. போனுக்குப் புதுசாகக் கண்ணாடி ஒட்டியிருக்கிறது, அதனால் தட்டினால் சரியாகப் பதிவாவதில்லை.

மேரி, உன் ஆராய்ச்சியெல்லாம் எங்கள் தியேட்டருக்குத் தேவையே இல்லை. எங்களுக்கு எஸ்தர் சிஸ்டர் இருக்கிறார். ஐம்பத்தாறு வயசு, முப்பது வருடமாகத் தியேட்டர் நர்ஸ். மேஜையில் படுத்த எவரானாலும் அவர் மூன்று கேள்வி கேட்காமல் நான் கத்தியைத் தொட முடியாது. உங்க பேர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம். ஒரு தடவை எம்.எல்.ஏ.வின் மாமனாரையும் இப்படியே கேட்டு, அவர் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார். இப்படி ஒருவர் காவல் இருக்கும்போது நான் அரைத் தூக்கத்தில் வந்து நின்றாலும் தப்பு நடக்காது. அதோடு என் கைக்குத் தைக்கத் தெரியும். நான் இருக்கிறேனா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

நவம்பர் 13, புதன்
தூக்கம்: ஒன்றரை. எழுதிவிட்டேன், போ.

நேற்று ராத்திரி இரைப்பையில் ஓட்டை விழுந்த ஒருவர். விடியற்காலை ஐந்துக்கு முடிந்தது. பிழைத்துக்கொள்வார். எட்டு மணிக்கு ஓ.பி. அறுபத்து நாலு பேர். பதினொன்றரைக்கு மேல் எழுத்துகள் தாளில் நெளிய ஆரம்பித்தன. மூன்றாவது காபி.

அந்த நேரத்தில்தான் செங்கோடன் என்று ஒருவர் வந்தார். ஐம்பத்தெட்டு வயசு, தறிப் பட்டறையில் வாட்ச்மேன். தோளில் பெரிய துண்டு. கூடவே மனைவி பாவாயி. அவர் வாய் திறப்பதற்குள் எல்லாவற்றையும் இந்தம்மாவே சொல்லிவிட்டார். அடிவயிற்றில் குடலிறக்கம், நாலு மாதமாக இருக்கிறது, நின்றால் பிதுங்கும், படுத்தால் உள்ளே போய்விடும். நிற்க வைத்து இருமச் சொன்னேன், கைக்கு நன்றாகத் தட்டுப்பட்டது. நாற்காலியில் வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தால், எந்தப் பக்கம் என்பது மறந்துபோச்சு. பத்து நொடிகூட ஆகியிருக்காது. மறுபடி அவரை எழுப்பி வேட்டியைத் தளர்த்தச் சொல்லச் சங்கடமாக இருந்தது. வெளியே வரிசை வேறு கதவை இடித்தது. "எந்தப் பக்கம்னு சொன்னீங்க?" என்று அவரையே கேட்டேன்.

"சோத்தாங்கைப் பக்கமுங்க டாக்டரம்மா."

வலது என்று எழுதிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

நவம்பர் 15, வெள்ளி
தூக்கம்: தியேட்டர் ஸ்ட்ரெச்சரில் நாற்பது நிமிடம். சேர்த்துக்கொள்ளலாமா மேரி?

இன்றைக்கு ஐந்து கேஸ், ஐந்தும் முடிந்தன. செங்கோடனுக்கு இரண்டு பக்கமும் குடலிறக்கம் இருந்தது. வலதில் ஆரம்பித்தேன், இடதையும் சேர்த்து முடித்துவிட்டேன். இரண்டு பக்கமும் குடல் மறுபடி பிதுங்காமல் தாங்கும் வலை வைத்துத் தைத்தாயிற்று. வலதில் இருந்தது ஆரம்ப நிலை, வெளியே தெரியாது. அப்படி இருப்பது உண்டு. புத்தகங்களில் இருக்கிறது.

எஸ்தர் சிஸ்டர் வழக்கம்போல மூன்று கேள்வியும் கேட்டார். இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. நல்ல நினைவோடுதான் செங்கோடன் பதில் சொன்னார். சோத்தாங்கைப் பக்கம் என்றுதான் சொன்னார். கேட்டுக்கொண்டுதான் கத்தியை வைத்தேன். இரண்டு வலை கேட்டபோது சிஸ்டர் முகமூடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். ஸ்டாக் குறைவு என்று நினைத்திருப்பார்.

வெளியே காத்திருந்த பாவாயியிடம், "ரெண்டு பக்கமும் இருந்துச்சும்மா, ஒரே தடவையா முடிச்சாச்சு" என்றேன். அந்தம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

மற்ற நாலு கேஸைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று இப்போதுதான் கவனிக்கிறேன். நேரமில்லை.

நவம்பர் 16, சனி
தூக்கம்: மூன்று

வார்டு ரவுண்ட்ஸ். பாவாயி பக்கத்துக் கட்டில்காரர்களிடம் என் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கமும் இருக்குதுன்னு எந்த டாக்டருங்க பாப்பாங்க? இன்னொருக்கா வந்து கெடக்கற வேலையில்லாமப் பண்ணிப்புட்டாங்க எங்க டாக்டரம்மா. தெய்வமுங்க." எனக்கு என்று ஒரு சீப்பு பூவன் பழம் வைத்திருந்தார். சர்க்கரை இருக்கிறது, சாப்பிடக் கூடாது என்றேன். எனக்குச் சர்க்கரை இல்லை.

செங்கோடன் அதிகம் பேசவில்லை. "ரெண்டு பக்கமும் வலிக்குதுங்க, அவ்வளவுதான். பொறுத்துக்கலாமுங்க" என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு
தூக்கம்: ஐந்து

இரவு முழுக்க ஒரு போனும் வரவில்லை. இருந்தும் மூன்று மணிக்கே விழிப்பு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்
தூக்கம்: இரண்டு

காலை பத்தரை. ஆண்கள் அறுவை வார்டு. பாவாயி கோவிலுக்குப் போய்வந்து ஆளுக்கொரு சிட்டிகை திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். செங்கோடன் இடது கையை நீட்டி வாங்கினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளியின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "திருநீத்தப் போயி நொட்டாங்கையில வாங்குறீங்களே அண்ணா!"

செங்கோடன் சிரித்தார். "என்ன பண்றது அம்மிணி, பன்னெண்டு வருசமா எனக்கு இதானுங்க சோத்தாங்கை" என்று தோளிலிருந்து வலது கையை மூடித் தொங்கிய துண்டை எடுத்தார். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

வார்டே சிரித்தது. நான் அவருடைய கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு டியூட்டி ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பதின்மூன்றாம் தேதி, என் கையெழுத்து. "வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை, பழைய விபத்து." அதற்கு இரண்டு வரி கீழே, "குடலிறக்கம், வலது." இரண்டையும் நான்தான் எழுதியிருக்கிறேன். மேல் வரியை எழுதியது எனக்கு நினைவில் இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

நவம்பர் 20, புதன்

தியேட்டரில் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்த எஸ்தர் சிஸ்டரிடம் போய் நின்றேன். நான் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவரே பேசினார்.

"வார்டுல பேசிக்கிட்டாங்க மேடம். நான் கேட்ட கேள்விக்கு அவர் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கார். எனக்குத்தான் அது வேற மாதிரி கேட்டிருக்கு. அந்தக் கை போர்வைக்கு அடியில இருந்துச்சு. நான் தூக்கிப் பாக்கல."

"உங்க மேல தப்பில்ல சிஸ்டர்."

"கேள்வியில தப்பில்லதான். ஆனா ரெண்டாவது வலை கேட்டீங்களே, அத நான் குடுத்திருக்கக் கூடாது." பேச்சு அவ்வளவுதான். கத்தரிக்கோல்களை வரிசையாக அடுக்கிவிட்டு, சாப்பிடப் போகிறேன் என்று போய்விட்டார்.

மேரி, இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் உனக்கு நோட்டை அனுப்புவேன்.

நவம்பர் 22, வெள்ளி
தூக்கம்: இரண்டு, இரண்டரை இருக்கலாம்

செங்கோடனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். இடது பக்கத் தையல் நன்றாக ஆறுகிறது. வலது பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறது. அழுத்தினால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். மருந்தை மாற்றினேன்.

விளையாட்டில் 608. போன் பழசாகிவிட்டது.

நவம்பர் 23, சனி

வலது பக்கம் சீழ் வைத்துவிட்டது. உள்ளே இருக்கும் வலையை எடுத்தாக வேண்டும். செவ்வாய்க்குமேல் தள்ள முடியாது, ரத்தத்தில் கலந்தால் ஆளே போய்விடுவார்.

கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். முழுதும் சொல்லவில்லை. நோயாளி பக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டார் என்று சொன்னேன். அவர் முகத்தில் நிம்மதி வந்தது. "அப்ப அவர் வாயால சொன்னதுதானே டாக்டர்? பக்கத்தத் தப்பாத் தெரிவிச்சது நான்தான்னு ஒரு தாள்ல எழுதி அவர்கிட்டக் கையெழுத்து வாங்கிருங்க. நாளைக்கு யார் கேட்டாலும் காட்டலாம். இவ்வளவு உழைக்கிறீங்க, உங்களுக்கு ஒரு கெட்ட பேர் வரக் கூடாது." அவரே டைப் அடிக்க வைத்து என்னிடம் கொடுத்தார். நாலு வரி. கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மதியம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டு. தனசேகரன் மூன்று தடவை கூப்பிட்டாராம். "கோகி, என்னமோ நடந்திருக்கு, சொல்லு" என்றார். சும்மா விடுங்கள் என்று கத்திவிட்டேன். அவர் ரசத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பாவம், அவர் என்ன செய்தார்.

கோட்டைத் துவைக்கப் போடும்போது அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். சலவையான கோட்டில் மறுபடி வைத்தேன்.

நவம்பர் 25, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். ஒன்றையும் கிழிக்கப் போவதில்லை.

காலை ஒன்பது மணிக்கு அந்தத் தாளோடு வார்டுக்குப் போனேன். செங்கோடன் காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தார். பாவாயி ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு கையெழுத்து வேணும்" என்றேன். எதற்கு என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. செங்கோடன் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, இடது கையில் பேனாவை வாங்கிக்கொண்டு, "எங்கீங்க போடோணும்?" என்றார். படித்துப் பார்க்கவில்லை. பேனா முனை தாளில் பட்டுவிட்டது.

தாளைப் பிடுங்கிக்கொண்டேன். நிஜமாகவே பிடுங்கினேன், பேனா தெறித்துக் கட்டிலுக்கடியில் விழுந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர்கள் எதிரில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்குக் குடலிறக்கம் ரெண்டு பக்கம் இல்ல. ஒரு பக்கம்தான். இடது பக்கம்" என்றேன்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடக் கடவுளே, நாந்தானுங்களே சோத்தாங்கைப் பக்கம்னு சொன்னேன். எம்மேலதானுங்க தப்பு. என்ற வாய்ப் பழக்கம், இவ எத்தனையோ தடவ சொல்லியிருக்கறா."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கண்காணிப்பாளரின் நாலு வரியை அவரே வாயால் சொல்லிவிட்டார், அதுவும் என்னிடம் வருத்தம் தெரிவிக்கிற குரலில்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. என் கையால தொட்டுப் பாத்தேன், உக்காந்து எழுதறதுக்குள்ள மறந்துட்டேன். மூணு வாரமா ராத்திரியில தூக்கம் இல்ல. உங்களுக்கு அந்தக் கை இல்லைன்னு நானேதான் எழுதியிருக்கேன், அதுவும் நெனப்பில்ல. தப்பான பக்கம் கீறினது அதனால. அதக்கூட விடுங்க. கீறிப் பாத்தா அங்க ஒண்ணுமே இல்ல. மேஜையில படுத்திருந்தப்ப உங்கள இருமச் சொன்னேன், ஞாபகம் இருக்குதா? இடது பக்கம் பிதுங்குச்சு. அந்த நிமிசமே தூக்கம் எங்க போச்சுன்னு தெரியல. அப்பவே உங்ககிட்டச் சொல்லிட்டுத் தச்சு மூடியிருக்கணும். மறைக்கறதுக்காக, ஒண்ணுமில்லாத எடத்துல வலைய வெச்சேன். அதுதான் இப்ப சீழ் புடிச்சிருக்கு. அத நல்லா முழிச்சுக்கிட்டுத்தாங்க செஞ்சேன்."

சொல்லி முடித்ததும் பாவாயி எழுந்தார். அந்தம்மா அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நா கும்பிட்டனே! இந்த வார்டு பூராவும் தெய்வம் தெய்வம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சனே! அத்தனையும் நின்னு வாங்கிக்கிட்டீங்களே, எப்படீங்க மனசு வந்துச்சு? இருக்கறது ஒத்தக் கை. அதையும் வயித்துல வெச்சுக்கிட்டு ராவெல்லாம் அனத்தறாரு. இனி அவர்மேல உங்க கை படக் கூடாது."

படாது என்றேன். சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே ஆம்புலன்ஸில் அனுப்புகிறேன், அங்கே வேறு டாக்டர் பார்ப்பார், என்ன நடந்தது என்று நானே கடிதத்தில் எழுதித் தருகிறேன் என்றேன்.

செங்கோடன், "கடைசியா எப்பங்க நல்லாத் தூங்குனீங்க?" என்றார்.

யோசித்தேன். தெரியவில்லை. தீபாவளிக்கு என்று சொன்னேன்.

"என்ற கை போனது விடியக்கால நாலு மணிக்குங்க. தொடர்ந்து ஆறாவது நாள் நைட் ஷிப்டு. ஓனரு கேட்டாரு, எனக்கென்னங்க நா ஓட்டறேன்னு சொன்னேன். தறி பல்லுச் சக்கரத்துல கைய விடற வரைக்கும் நா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கறன்னு நெனச்சுக்கிட்டு இருந்தனுங்க." மூச்சு வாங்கினார். "சேலத்துக்குப் போனா, அங்கயும் ராத்திரி பூரா முழிச்ச டாக்டருதான இருப்பாரு? அவரு எங்கிட்ட இதைச் சொல்லவா போறாரு? நீங்களே செய்யுங்க. ஆனா தூங்கிட்டு வந்து செய்யுங்க."

"நீங்க சும்மா இருங்க" என்று பாவாயி அவரை அதட்டினார். அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும் என்று நான் வெளியே வந்துவிட்டேன். சாயங்காலம் எஸ்தர் சிஸ்டர் வந்து, "சரின்னுட்டாங்க மேடம். அந்தம்மா மூஞ்சி மட்டும் சரியில்ல" என்றார்.

கண்காணிப்பாளரிடம் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்ட இன்னொரு தாளையும் கொடுத்தேன். இன்று ராத்திரியும் நாளைப் பகலும் அவசரக் கேஸ் எல்லாவற்றையும் சேலத்துக்கு அனுப்புங்கள், மாற்று ஆளும் கேளுங்கள் என்றேன். "இதுல உங்க வேலையே போகலாம், தெரியுமா டாக்டர்?" என்று கத்தினார். தெரியும் சார் என்றேன். பயமாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. இந்த வேலையைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து தனசேகரனிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. என்னைப் படுக்க வைத்து விளக்கை அணைத்தார். தூக்கம்தான் வரவில்லை. விடிய விடியப் புரண்டுவிட்டு இப்போதுதான் எழுந்து இதை எழுதுகிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்
தூக்கம்: காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்றரை வரை. ஆறரை மணி நேரம். இது உண்மை.

வலையை எடுத்தாயிற்று. சீழைச் சுத்தமாகக் கழுவி, புண்ணைத் தைக்காமல் திறந்து வைத்திருக்கிறேன், மெதுவாகத்தான் ஆறும். ராத்திரி எட்டு மணிக்குச் செங்கோடனுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. பிழைப்பார். வேலைக்குப் போக இரண்டு மாதமாவது ஆகும், அந்த இரண்டு மாதமும் என் கணக்கில்தான் சேரும்.

காலையில் ரவுண்ட்ஸுக்கு வந்த என்னை எஸ்தர் சிஸ்டர் அப்படியே டியூட்டி ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். "நாலு மணிக்குத் தியேட்டர். அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலையக் காட்டாதீங்க." படுத்தேன். யாராவது தட்டுவார்கள் என்று காதை வைத்துக்கொண்டே கிடந்தேன். இந்த மருத்துவமனையில் அந்தக் கதவு பத்து நிமிடம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. யாரும் தட்டவில்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

மூன்றரைக்கு நானாக விழித்து முகம் கழுவிக் கதவைத் திறந்தால், வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் பாவாயி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேயேதான் இருந்தாராம், சிஸ்டர் பிறகு சொன்னார். காயச் சான்றிதழ் கேட்டு வந்த போலீஸ்காரர், கையெழுத்துக்குப் பைலோடு வந்த ஆபீஸ் ஆள், மருந்துக் கம்பெனிக்காரர் இரண்டு பேர், எல்லாரையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். கண்காணிப்பாளரே வந்து நின்றபோது, "தூங்கறாங்க, அப்பறமேட்டு வாங்க" என்று எழுந்திருக்காமல் சொல்லியிருக்கிறார்.

கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்கோசரம் இல்லீங்க. அடுத்து மேஜையில படுக்கப் போறது என்ற ஊட்டுக்காரரு."

"தெரியுதுங்க."

"நல்லாத் தூங்குனீங்களா?"

"தூங்கினேன்."

"என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அந்தம்மாவின் கண்கள் சிவந்து கிடந்தன. செங்கோடன் அனத்திய ராத்திரிகளில் அவரும்தான் தூங்கியிருக்க மாட்டார், அதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை. "ஆறரை மணி நேரம் தூங்கினேன் பாவாயி அம்மா" என்றேன்.

சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல என் கண்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு எழுந்து, ஸ்டூலை ஓரமாகத் தள்ளி எனக்கு வழிவிட்டார்.

"அப்பச் சரி. வாங்க, அவரு காத்துக்கிட்டு இருக்கறாரு."